எல்லை முதலில், படகு பிறகு

ஆழ்கடல் மீன்வளத்தை நிலைத்த முறையில் எடுப்பதற்கு விதிகள் வந்துவிட்டன. யார் எடுப்பது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எவ்வளவு எடுக்கலாம், எந்த ஆழத்தில் கை வைக்கவே கூடாது என்ற கேள்விகளுக்கு முதலில் பதில் வேண்டும். திருவனந்தபுரம் கரையோரத்தின் அனுபவம் அதைத்தான் சொல்கிறது.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை, கடல் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை விரியும் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் மத்திய அரசின் பொறுப்பு. அந்த வெளிக்கடலில் இந்தியப் படகுகள் எப்படி மீன் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் முழுமையான சட்டம் பல பத்தாண்டுகளாக இல்லை. 2025 நவம்பர் 4 அன்று மத்திய அரசு அறிவித்த புதிய விதிகள் அந்த இடைவெளியை நிரப்ப வந்தவை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீன் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் முன்னுரிமை, இணையம் வழியாக இலவச அனுமதிச் சீட்டு, தாய்க்கப்பலோடு சேர்ந்து சிறு படகுகள் இயங்கும் ஏற்பாடு, எல்.இ.டி. விளக்கு போட்டுப் பிடிப்பதற்கும் இரட்டைப் படகு இழுவைக்கும் தடை என்று அவற்றில் வரவேற்க வேண்டியவை பல இருக்கின்றன. மீன்வள மேலாண்மைத் திட்டங்கள் வகுக்கப்படும் என்ற உறுதியும் இருக்கிறது. கவலை தருவது வரிசை. அனுமதிச் சீட்டு முதலில் வந்து திட்டம் பிறகு வந்தால், திட்டம் கையெழுத்தாகும் நாளில் கடலடியில் காப்பாற்ற எதுவும் மிச்சமிருக்காது. ஆழத்தில் வாழும் உயிர்களைப் பொறுத்தவரை எடுக்கும் அளவை முன்கூட்டியே வரையறுப்பதுதான் நிலைத்த அறுவடை. எடுத்துப் பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்ற வழி கரையோர மத்திக்கு ஓரளவு பொருந்தலாம். ஆழ்கடல் இறாலுக்கும் சுறாவுக்கும் பொருந்தாது.

கரைக்கு அருகிலேயே இறங்கும் சரிவு

இந்த விவாதத்துக்குத் திருவனந்தபுரம் பொருத்தமான களம் என்பதற்குக் காரணம் அதன் கடலடி. மும்பைக்கும் குஜராத்துக்கும் மேற்கே கண்டத்திட்டு முந்நூறு கிலோமீட்டர் வரைகூட மெல்லச் சரிந்து நீள்கிறது. பொழியூரிலிருந்து அஞ்சுதெங்கு வரையிலான கரைக்கு எதிரே அது சில பத்துக் கிலோமீட்டர்களிலேயே முடிந்து, ஆழமான சரிவாக இறங்கிவிடுகிறது. பாறைப் பார்கள் நிறைந்த இந்தக் கடலில் இழுவை மடி எளிதில் கிழியும். ஆகவே பூந்துறை, புதியதுறை, புல்லுவிளை மீனவர்களின் திறமை தலைமுறை தலைமுறையாகத் தூண்டிலில்தான் வளர்ந்தது. கரையில் தெரியும் மலைமுகடுகளையும் தேவாலயக் கோபுரங்களையும் கணியமாக வைத்துப் பாரின் இடத்தைக் கண்டுபிடித்த கட்டுமரக்காரர்களின் அறிவு அது. மாநில எல்லையைத் தாண்டினால் குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார ஊர்கள். அங்குள்ளவர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு வாரக்கணக்கில் தங்குகடலுக்குப் போய்ச் சுறாவும் சூரையும் பிடித்து, கொச்சி உள்ளிட்ட மேற்குக் கரைத் துறைமுகங்களில் இறக்குகிறார்கள். ஆழ்கடலுக்குப் போகத் தெரிந்த சிறு மீனவர்கள் இந்தியாவில் இல்லை, அதனால் பெருநிறுவனம் வேண்டும் என்று சொல்லப்படுவதற்கு இந்தக் கரை நேரடியான மறுப்பு.

இதே கரைக்கு மேற்கே, வடக்கு அட்சரேகை 8 பாகைக்கும் 9 பாகைக்கும் இடையில், கொல்லம் திட்டு என்று கடலியலாளர்கள் அழைக்கும் பகுதி இருக்கிறது. ஏறத்தாழ 275 முதல் 375 மீட்டர் ஆழத்தில், மணலும் சேறும் படிந்த, மடி இழுக்கத் தோதான தளம் அது. அங்கு வாழும் சிவப்பு இறால்களை அறிவியல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறிந்திருந்தது. ஆங்கிலேயர் காலத்து ஆய்வுக் கப்பலான இன்வெஸ்டிகேட்டர் ஆழத்திலிருந்து வாரி எடுத்த உயிரினங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் வுட்-மேசன், ஆல்காக் ஆகியோரின் பெயர்களை இந்த இறால் இனங்களில் சில இன்றும் சுமக்கின்றன. 1960-களில் ஆய்வுக் கப்பல்கள் கொல்லத்துக்கு அப்பால் இறாலும் ஆழ்கடல் சிங்கி இறாலும் செறிந்திருப்பதை உறுதிசெய்தன. இருந்தும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு யாரும் அங்கே தொழிலாகப் போகவில்லை. கரையோர இறாலே போதுமான வருமானம் தந்தது. அது குறையத் தொடங்கியபோதுதான் படகுகள் ஆழத்தைத் தேடின.

கொல்லம் இறால் சொன்னது

1999 இறுதியில் சக்திகுளங்கரை, நீண்டகரை, முனம்பம் துறைமுகங்களின் விசைப்படகுகள் நீளமான கம்பியும் வலுவான வின்ச்சும் பொருத்திக்கொண்டு இந்தத் திட்டில் இறங்கின. சந்தை 'ரெட் ரிங்' என்று அழைக்கும் பெரிய சிவப்பு இறாலுக்கு ஏற்றுமதி விலை நன்றாக இருந்தது. சில பருவங்களுக்குள் ஆழ்கடல் இறால் கேரளத்தின் முக்கிய ஏற்றுமதிப் பொருட்களில் ஒன்றாகிவிட்டது. உரிமம் இத்தனை என்ற கணக்கும், ஆண்டுக்கு இத்தனை டன் என்ற வரம்பும் இல்லாமலே இது நடந்தது. இறால் கிடைத்த இடம் மாநில எல்லைக்கு வெளியே இருந்ததால் மாநிலத்தின் 1980-ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அங்கு எட்டவில்லை. மத்திய அரசிடமோ அதற்கான சட்டமே இல்லை. புதிய வளம் ஒன்று திறக்கப்பட்டபோது அதற்குக் காவல் என்று எவருமே இல்லை.

இந்த இறால்களின் வாழ்க்கை கரையோர இறாலின் வாழ்க்கையிலிருந்து வெகுவாக மாறுபட்டது. கரையோரத்துப் பெண் இறால் ஒரே முறையில் லட்சக்கணக்கில் முட்டைகளைக் கடலில் விட்டுவிடும். குஞ்சுகள் சில மாதங்களில் பிடிபடும் அளவுக்கு வளர்ந்துவிடும். ஆழத்து இனங்களில் முக்கியமான ஒரு பிரிவு குறைவான முட்டைகளை இட்டு, அவை பொரியும் வரை அடிவயிற்றிலேயே ஒட்டிச் சுமக்கிறது. குளிர்ந்த நீர், குறைந்த உணவு, பிராணவாயு மிகக் குறைந்த அரபிக்கடல் அடுக்கு ஆகியவற்றின் நடுவே வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். மடியில் சிக்கும் சினை இறால் ஒவ்வொன்றோடும் அடுத்த தலைமுறையும் சேர்ந்தே கரையேறுகிறது. விதைநெல்லை அளந்து எடுத்துவைக்காமல் களத்து நெல் முழுவதையும் விற்பதற்கு ஒப்பான வேலை இது.

கேரளம் மழைக்கால இழுவைத் தடையை நாட்டுக்கு வழிகாட்டியாகக் கொண்டுவந்த மாநிலம். பாபு பால் குழு, கலாவர் குழு, பாலகிருஷ்ணன் நாயர் குழு என்று அடுத்தடுத்த ஆய்வுகளுக்கும் மீனவர் போராட்டங்களுக்கும் பிறகு 1988-ல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று ஜூன், ஜூலை மாதங்களில் 52 நாட்கள் நீடிக்கிறது. கரையோர வளத்தை அது காப்பாற்றியதில் ஐயமில்லை. ஆனால் ஆழ்கடல் இறால் பருவம் பெரும்பாலும் மழை ஓய்ந்த பிறகுதான் சூடுபிடிக்கிறது. கரையோர இனங்களின் இனப்பெருக்கத்தைக் கருதி வகுத்த நாட்காட்டி ஆழத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவை 2015-ல் 14 இனங்களுக்கு வரையறுத்த மாநிலமும் கேரளம்தான். அந்தப் பட்டியல் பின்னர் 58 இனங்களாக விரிந்தது. அதே கவனம் சரிவில் வாழும் ஒவ்வோர் இனத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

மடி இறாலை மட்டும் எடுத்து வருவதில்லை. அடித்தளத்தை வருடிப் போகும் அந்த வலையில் விளக்கு மீன்கள், ஆழ்கடல் விலாங்குகள், சிறு சுறாக்கள், நண்டுகள், பவள வகைகள் எல்லாம் சங்காயமாக, அதாவது குறிவைக்காத பிடிப்பாக, ஏறுகின்றன. விலைபோகாதவை கடலிலேயே கொட்டப்படுகின்றன, அல்லது மீன்தூள் ஆலைக்குப் போகின்றன. கேரளத் துறைமுகங்களின் சங்காயக் குவியலிலிருந்து ஆய்வாளர்கள் அறிவியலுக்கே புதிய ஆழ்கடல் மீன் இனங்களை எடுத்து விவரித்திருக்கிறார்கள். இதை ஆய்வின் வெற்றியாக மட்டும் பார்த்துவிடக் கூடாது. ஓர் உயிரினத்துக்குப் பெயர் வைக்கும் முன்பே அதைக் குப்பையாக எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கான சான்று அது.

ஈரலுக்காகக் கொல்லப்படும் சுறா

இழுவை மடியை மட்டும் குற்றவாளியாக்கித் தூண்டிலுக்கு நற்சான்று கொடுத்துவிடவும் முடியாது. முள்முதுகுச் சுறாக்களின் கதை அதற்குத் தடையாக நிற்கிறது. சில நூறு மீட்டர் ஆழத்தில் வாழும் இந்தச் சுறாக்களின் ஈரல் உடல் எடையில் பெரும் பங்கு. அதில் ஸ்குவாலின் என்ற எண்ணெய்ப் பொருள் நிறைந்திருக்கிறது. அழகுப் பொருட்களுக்கும் மருந்துத் தொழிலுக்கும் அது வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் தென்மேற்குக் கடலில் தூத்தூர் வட்டாரப் படகுகள் இவற்றுக்கென்றே தூண்டிலை ஆழமாக இறக்கத் தொடங்கின. கொச்சியில் இறக்கப்பட்ட இந்தச் சுறாக்களை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இனம் இனமாகப் பதிவுசெய்து, தாங்காத வேட்டை இது என்று எச்சரித்தார்கள். பெண் சுறா ஒரு முறைக்கு ஒன்றிரண்டு குட்டிகளே ஈனும். கர்ப்பம் இரண்டு ஆண்டுகள்வரை நீளும் இனங்களும் இதில் உண்டு. முதிர்ச்சி அடையவே பல ஆண்டுகள் பிடிக்கும். இத்தகைய உயிரை எந்தக் கருவியால் பிடித்தாலும், பிடிக்கும் வேகம் பிறக்கும் வேகத்தை எளிதில் மிஞ்சிவிடும்.

இதன் முடிவு எப்படி இருக்கும் என்பதை அண்டை நாடு காட்டியிருக்கிறது. மாலத்தீவில் 1980-களின் தொடக்கத்தில் ஈரல் எண்ணெய்க்கான ஆழ்கடல் சுறா வேட்டை உச்சத்துக்குப் போனது. இருபது ஆண்டுகளுக்குள் ஏற்றுமதி செய்ய ஏறத்தாழ ஒன்றும் இல்லாத நிலை வந்தது. 2010-ல் அந்த நாடு சுறா வேட்டை முழுவதையும் தடை செய்தது. 2025 இறுதியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கந்தில் கூடிய சைட்டீஸ் மாநாடு இந்தச் சுறாக் குடும்பத்தைப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததற்குப் பின்னால் இத்தகைய வரலாறுகள்தான் இருக்கின்றன. நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கடல்களில் ஆரஞ்சு ரஃபி என்ற மீனுக்கும் இதே கதி நேர்ந்தது. ஆழ்கடல் முகடுகளில் திரளும் அந்த மீனை 1970-களின் இறுதியில் பெரும் கப்பல்கள் அள்ளத் தொடங்கின. அது நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழும், இருபது முப்பது வயதுக்குப் பிறகே முட்டையிடும் என்பது உறுதிப்பட்டபோது பல கூட்டங்கள் ஏற்கெனவே சரிந்துவிட்டன. அங்கே அறிவியல் தாமதமாக வந்தது. அதைவிடப் பெரிய தவறு, அறிவியல் வரும் வரை காத்திருக்க யாருக்கும் கட்டாயம் இல்லாமல் போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் 800 மீட்டருக்குக் கீழே அடிமட்ட இழுவையைத் தடைசெய்ததும், 2022-ல் 400 மீட்டருக்குக் கீழே உள்ள 87 இடங்களை மூடியதும் இந்தத் தவறைத் திருத்தும் முயற்சிகளே.

ஒரே நீர்ப்பரப்பு, இரண்டு வளங்கள்

அப்படியானால் ஆழ்கடலுக்கே போகக் கூடாதா? போகலாம். போக வேண்டிய இடம் எது என்பதில்தான் தெளிவு தேவை. ஆயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலின் மேலடுக்கில் ஓடும் சூரையும், அதன் அடிச்சரிவில் ஒண்டி வாழும் இறாலும் சுறாவும் ஒரே வரைபடச் சதுரத்துக்குள் இருக்கலாம். வாழ்க்கைக் கணக்கில் அவை இரு துருவங்கள். வரிச்சூரை, மஞ்சள் துடுப்புச் சூரை போன்றவை வேகமாக வளர்பவை, பெருமளவில் முட்டையிடுபவை. அரபிக்கடலின் நடுப்பகுதியிலும் லட்சத்தீவைச் சுற்றியும் செறிந்திருக்கும் பறக்கும் கணவாய் ஏறத்தாழ ஓராண்டுக்குள் வாழ்ந்து முடிக்கும் இனம். அதைத் தொழிலாகப் பிடிப்பதற்கான சாத்தியங்களை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே ஆராய்ந்து முன்வைத்திருக்கிறது. இவற்றைத் தூண்டிலால் பிடிக்கலாம். அடித்தளத்தைத் தொட வேண்டியதில்லை. சங்காயம் குறைவு, தரம் அதிகம், கிலோவுக்குக் கிடைக்கும் விலையும் அதிகம். திருவனந்தபுரம் மீனவனின் மரபுத் திறமையும் இதே தூண்டில்தான்.

மேலடுக்கிலும் வரம்பு வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இந்தியப் பெருங்கடலின் மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதாக இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2015 முதல் பல ஆண்டுகள் எச்சரித்தது. 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டில்தான் நிலை மேம்பட்டதாகத் தெரிந்தது. அந்த மீன் பல நாடுகளின் கடல்களைக் கடந்து ஓடுவதால் ஒரு நாட்டின் கட்டுப்பாடு மட்டும் போதாது. ஆனாலும் அதற்கு ஆணையம் இருக்கிறது, மதிப்பீடு இருக்கிறது, எச்சரிக்க ஒரு வழி இருக்கிறது. கொல்லத்துச் சரிவுக்கு அப்படி ஒரு கட்டமைப்பை இனிமேல்தான் உருவாக்க வேண்டும். அந்தச் சரிவின் உயிர்கள் இங்கேயே பிறந்து இங்கேயே வளர்கின்றன. அந்தப் பொறுப்பை வேறு யாரிடமும் தள்ளிவிட முடியாது.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஆசை ஒன்று வளர்ந்துவருகிறது. பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் பதுங்கி, இரவில் மேலே ஏறி இரை தேடும் விளக்கு மீன்கள் அரபிக்கடலில் ஏராளம். மீன்தூளுக்கும் எண்ணெய்க்கும் இவற்றை அள்ளலாம் என்ற யோசனை உலகெங்கும் பேசப்படுகிறது. உலகில் இவ்வகை நடுக்கடல் மீன்கள் எவ்வளவு என்பதற்கு 1980-ல் வந்த கணக்கு சுமார் 100 கோடி டன். 2014-ல் வெளியான ஒலி அலை ஆய்வு அதைச் சுமார் ஆயிரம் கோடி டன்னாக உயர்த்தியது. இரு மதிப்பீடுகளுக்கு இடையில் பத்து மடங்கு வேறுபாடு இருக்கும்போது எந்த அளவை வைத்து உரிமம் கொடுப்பது? சூரைக்கும் கணவாய்க்கும் இரையாவது இந்த மீன்தான். தினமும் மேலும் கீழும் போய்வந்து, மேற்பரப்பில் உண்ட கரிமத்தை ஆழத்துக்குக் கொண்டுசேர்ப்பதும் இதுவே. கோழிக்கும் வளர்ப்பு இறாலுக்கும் தீவனமாக இதை அரைத்துவிட்டால், விலை அதிகமான சூரையின் உணவை விலை குறைந்த தூளாக மாற்றிய நட்டக் கணக்குதான் மிஞ்சும்.

எழக்கூடிய மறுப்புகள்

நாம் எடுக்காவிட்டால் வெளிநாட்டுக் கப்பல்கள் எடுத்துவிடும் என்பது அடிக்கடி கேட்கும் வாதம். சூரைக்கு இதில் ஓரளவு உண்மை உண்டு. அது எல்லை தாண்டி ஓடும் மீன். ஆனால் 300 மீட்டர் ஆழத்தில் சேற்றோடு வாழும் இறால் நாட்டைவிட்டு ஓடிப்போவதில்லை. அது இருக்கும் இடம் இந்தியாவின் பிரத்யேக மண்டலம். 1976-ஆம் ஆண்டு கடல் மண்டலச் சட்டமும், வெளிநாட்டுக் கப்பல்களின் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் 1981-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைக் காக்கின்றன. காவல் போதவில்லை என்றால் கடலோரக் காவல் படையை வலுப்படுத்த வேண்டும். திருடன் வருவான் என்று பயந்து வீட்டுக்காரரே அவசரமாகக் காலி செய்வது தீர்வாகாது. பன்னாட்டுக் கடலில் உயிர்வளங்களைக் காக்கும் உடன்படிக்கை 2023-ல் ஏற்கப்பட்டது. இந்தியா 2024 செப்டம்பரில் அதில் கையெழுத்திட்டது. உலகம் ஆழ்கடலில் கட்டுப்பாட்டை நோக்கி நகரும் காலத்தில் போட்டி என்ற சொல்லைக் காட்டிக் கதவைத் திறப்பது பின்னோக்கிய நடை.

கரையோரத்தில் நெரிசல் தாங்கவில்லை, ஆழத்துக்குப் போனால்தான் அந்தச் சுமை குறையும் என்பது அடுத்த வாதம். கேட்க நியாயமாகத் தோன்றும். கொல்லத்தில் நடந்தது வேறு. ஆழத்துக்குப் போவதற்காகப் படகுகள் பெரிதாயின, என்ஜின் சக்தி கூடியது, கடன் ஏறியது. ஆழத்து இறால் குறையும்போது அல்லது அதன் விலை இறங்கும்போது, பெரிதான அதே படகு கூடிய பலத்தோடு கரையோரத்துக்குத் திரும்புகிறது. கரையோர உரிமம் ஒன்றை நிரந்தரமாக ஒப்படைத்தால்தான் வெளிக்கடல் உரிமம் ஒன்று கிடைக்கும் என்ற நிபந்தனை இல்லாத எந்தத் திட்டமும் நெரிசலைக் குறைக்காது. அதை வேறோர் இடத்துக்கும் பரப்பும், அவ்வளவுதான்.

இழுவைப் படகில் வேலை செய்பவர்களும், இறால் உரித்துப் பிழைக்கும் பெண்களும், ஏற்றுமதிக் கூடங்களில் உழைப்பவர்களும் என்ன ஆவார்கள் என்ற கேள்வி எல்லாவற்றிலும் கனமானது. அதைத் தட்டிக்கழிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. இப்போது நடக்கும் ஆழ்கடல் இறால் தொழிலை ஒரே நாளில் மூட வேண்டும் என்று இந்தக் கட்டுரை கோரவில்லை. அதன் பரப்பையும் படகு எண்ணிக்கையையும் இன்றைய அளவில் நிறுத்திவைத்து, இனவாரியாக மதிப்பீடு செய்து, தாங்கக்கூடிய அளவுக்குப் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும் என்றுதான் கோருகிறது. உரிக்க இறாலே இல்லாமல் போனால் முதலில் வேலை இழப்பவர்கள் அந்தப் பெண்கள்தான். 1988 தடையை எதிர்த்தவர்களும் வேலை போய்விடும் என்றுதான் சொன்னார்கள். தடைக்காலத்துக்குப் பின் கிடைக்கும் மீனை நம்பித்தான் இன்று விசைப்படகுகளே ஆகஸ்ட் மாதத்தை எதிர்பார்க்கின்றன.

யாருடைய படகு?

ஆழ்கடல் பற்றிய கேரளத்தின் அரசியல் விவாதம் பெரும்பாலும் உரிமையாளர் யார் என்பதைச் சுற்றியே நடந்திருக்கிறது. 1991-ல் கூட்டுநிறுவனக் கப்பல்களுக்கு அனுமதி கொடுத்த கொள்கையை எதிர்த்து, தாமஸ் கோச்சேரி உள்ளிட்டோர் தலைமையில் தேசிய மீனவர் பேரவை நாடு தழுவிய போராட்டம் நடத்தியது. அதன் விளைவாக அமைந்த முராரி குழு, அந்த அனுமதிகளை ரத்துசெய்யச் சொல்லி 1996-ல் அறிக்கை தந்தது. 2014-ல் மீனாகுமாரி குழு ஆழ்கடல் கப்பல்களைக் கூட்டலாம் என்று சொன்னபோது மறுபடியும் கரை கொதித்தது. அதே குழு 200 மீட்டருக்கும் 500 மீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியைத் தாங்கல் மண்டலமாக்கப் பரிந்துரைத்தது. அங்கு ஏற்கெனவே தூண்டில் போடும் சிறு மீனவர்களையும் இழுவைக் கப்பல்களையும் ஒரே தராசில் வைத்ததால், ஆழத்தின் நலனுக்குத் துணைபோகக்கூடிய அந்தப் பரிந்துரையும் எதிர்ப்பில் அடிபட்டது. 2021 பிப்ரவரியில் இ.எம்.சி.சி. நிறுவனத்துடன் 400 இழுவைப் படகுகளுக்கும் 5 தாய்க்கப்பல்களுக்குமாக ₹5,000 கோடித் திட்டம் பேசப்பட்டது வெளியானபோது, சட்டமன்றத் தேர்தலையே அது உலுக்கியது. அரசு அதிலிருந்து பின்வாங்கியது. எதிர்ப்பு நியாயமானது. ஆனால் 400 படகுகளையும் கேரள மீனவர்களே வைத்திருந்தாலும் அந்தச் சரிவு தாங்குமா என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது.

உரிமையும் வரம்பும் ஒன்றை ஒன்று தாங்கும் தூண்கள். தானே படகில் போகும் மீனவனுக்கு அடுத்த ஆண்டும் அதே கடல் வேண்டும். முதலீட்டாளருக்கு இந்தக் கடல் முடிந்தால் அடுத்த கடல் இருக்கிறது. மரியநாட்டில் தொடங்கிய மீனவர் சங்க முயற்சியிலிருந்து வளர்ந்து, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்கு முன்மாதிரி. கடலுக்குப் போகும் படகு உரிமையாளருக்கே உறுப்பினர் தகுதி, கரையில் ஏலத்தைச் சங்கமே நடத்துவது, பிடித்த மீனிலிருந்து கடனை அடைப்பது என்ற மூன்று விதிகளால் அது வட்டிக்கடை வியாபாரியின் பிடியைத் தளர்த்தியது. புதிய விதிகள் சொல்லும் தாய்க்கப்பல் யார் கையில் இருக்கிறதோ, விலையும் அவர் கையில்தான் இருக்கும். தாய்க்கப்பல் நிறுவனத்துடையதும் குட்டிப் படகு மீனவனுடையதும் என்றால், பழைய கடன் சங்கிலி கரையிலிருந்து நடுக்கடலுக்கு இடம் மாறியதாகவே முடியும். முதல் விற்பனை உரிமை சங்கத்திடம் இருக்க வேண்டும் என்பது எழுத்தில் வர வேண்டும்.

இனி செய்ய வேண்டியவை

முதல் தேவை, சரிவுக்கென்று தனி மேலாண்மைத் திட்டம். கொல்லம் திட்டில் இன்று இழுவை நடக்கும் இடங்களை வரைபடமாக்கி, அதற்கு வெளியே புதிய இடம் எதுவும் திறக்கப்படாது என்று அறிவிக்க வேண்டும். 500 மீட்டருக்குக் கீழே அடிமட்ட இழுவைக்கு முன்னெச்சரிக்கையாகத் தடை வேண்டும். இன்று அங்கே கேரளப் படகுகளின் தொழில் பெரும்பாலும் இல்லை என்பதால் இப்போது தடுப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. தொழில் வேர்விட்ட பிறகு அதே தடைக்கு ஆயிரம் குடும்பங்களின் பிழைப்பை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அனுமதிச் சீட்டு கருவியையும் இனத்தையும் குறிப்பிட்டு வழங்கப்பட வேண்டும். சூரைத் தூண்டிலுக்கு வாங்கிய சீட்டில் இறால் மடி இழுக்க முடியாதபடி அது இருக்க வேண்டும். முள்முதுகுச் சுறாவைக் குறிவைத்துப் பிடிப்பதும், விளக்கு மீனை மீன்தூளுக்கு அள்ளுவதும் அனுமதிப் பட்டியலிலேயே இடம்பெறக் கூடாது.

இரண்டாவது தேவை கணக்கு. எந்தப் படகு, எந்த ஆழம், எந்த இனம், எத்தனை கிலோ என்ற பதிவு சக்திகுளங்கரையிலும் முனம்பத்திலும் விழிஞ்சத்திலும் நாள்தோறும் எடுக்கப்பட்டு, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். அதற்கான அறிவு வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. விழிஞ்சத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொச்சியில் சாகர் சம்பதா ஆய்வுக் கப்பலை இயக்கும் மையம் இருக்கிறது. ஆழ்கடலுக்கென்று 2021-ல் ₹4,077 கோடி மதிப்பில் தேசிய இயக்கத்தையே அறிவித்த நாடு இது. மனிதரைக் கடலடிக்கு அனுப்ப வாகனம் கட்டும் நாட்டுக்குத் தன் சரிவில் எவ்வளவு இறால் இருக்கிறது என்று ஆண்டுதோறும் அளப்பது பெரிய காரியமில்லை. கணக்கு எடுப்பதில் மீனவர்களையும் பங்காளிகளாக்க வேண்டும். பாரின் இடமும் நீரோட்டத்தின் போக்கும் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கருவிக்கும் தெரியாது.

மூன்றாவது தேவை, தூண்டில்காரனுக்கு உண்மையான துணை. 2017 நவம்பர் இறுதியில் ஓக்கிப் புயல் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கான குடும்பங்களைச் சிதைத்தது. திருவனந்தபுரம், குமரி மாவட்டங்களின் தங்குகடல் மீனவர்கள் நடுக்கடலில் எச்சரிக்கை எட்டாமல் மாண்டார்கள். ஆழ்கடலுக்குப் போங்கள் என்று அரசு அழைக்குமானால், கரையோடு இருவழியாகப் பேசும் கருவியும், குளிர் காப்பு அறையுள்ள பாதுகாப்பான படகும், உயிர்க்காப்பீடும், பிடித்த சூரையைக் கெடாமல் கொண்டுசேர்க்கும் பனிக்கட்டி வசதியும் அந்த அழைப்போடு வர வேண்டும். பெரிய இழுவைக் கப்பலுக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கு இவற்றுக்குப் போனால், குறைந்த மீனில் கூடுதல் வருமானம் கிடைக்கும். நிலைத்த அறுவடையின் பொருளாதாரம் இதுவே. அதிகம் பிடிப்பவர் வெல்வது அதன் வழியல்ல.

மேலாண்மைத் திட்டங்களை எழுதும் வேலை மத்திய மீன்வளத் துறையின் மேசையில் இருக்கிறது. மாநில அரசுக்கு 12 மைலுக்கு அப்பால் அதிகாரம் இல்லை என்றாலும், துறைமுகமும் உரிமமும் மீன் இறங்கும் கரையும் அதன் கையில்தான். கேரளமும் தமிழகமும் ஒரே சரிவின் மேல் வலை வீசும் மாநிலங்கள். இரண்டும் சேர்ந்து கோரினால் அந்தத் திட்டத்தில் ஆழத்துக்கும் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு எழுதப்படும். அது எழுதப்படும் வரை கண்டச்சரிவில் அடிமட்ட இழுவைக்குப் புதிய அனுமதி ஒன்றும் வழங்கக் கூடாது என்று இரு மாநிலங்களின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். கரையோரக் கடலை அழிவின் விளிம்புவரை கொண்டுபோய்விட்டுத்தான் 1988-ல் விழித்துக்கொண்டோம். ஆழ்கடலில் அப்படித் தாமதமாக விழிக்க இடமில்லை. அங்கே இழந்ததை மீட்க ஒரு மனித ஆயுளும் போதாது.